இல்லாத பெண்ணுக்கு இருப்பிடச் சான்று

நான் குடியிருந்த சந்து ஒருநாள் ஒன்றுகூடி, நான் அங்கே குடியிருக்கவே இல்லை என்று ஆண்டவன்மேல் சத்தியம் செய்தது. அதுவும் யாரிடம்? முகத்தமிடம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள், யார் சுவரை இடித்துச் சன்னல் வைத்தார்கள் என்று சர்க்காருக்குச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதரிடம்.

என் பெயர் பல்கிஸா. ஊர் நைஜரில் ஸிந்தர். வேளாண்மை படிக்க, பாலைவனத்துக்கு வடக்கே வேறு நாட்டிலிருக்கிற மெக்னெஸ் நகரத்துக்கு வந்து அப்போது பத்து வாரம் ஆகியிருந்தது. பழைய நகரத்துக்குள், கழுதையும் ஸ்கூட்டரும் எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய ஒரு சந்தில், லல்லா பத்தூல் வீட்டு மொட்டைமாடி அறை என்னுடையது. லல்லா பத்தூலுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. புருஷனை அவரே வீட்டைவிட்டு விரட்டினார். அதை அவரே பெருமையாகச் சொல்லுவார்.

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் அந்தச் சந்து எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும். மளிகைக்கடை லஹ்சனிடம் முட்டை கேட்டால், "நேத்தும் ரெண்டு, இன்னைக்கும் ரெண்டா? வேற ஒண்ணும் சமைக்கத் தெரியாதா தங்கச்சி?" என்பார். எதிர்வீட்டில் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்திருந்த ஹனியா இன்னும் மோசம். "நேத்து போன்ல அழுதியே, யாரு? அம்மாவா, ஆம்பளையா?" என்று தன் கடை வாசலிலிருந்தே கேட்பாள். "அம்மாதான் அக்கா!" என்று நானும் மாடியிலிருந்து கத்த வேண்டும். கத்தாவிட்டால் ஆம்பளை என்றே முடிவாகிவிடும்.

அப்புறம் நவம்பர் வந்தது. மெக்னெஸ் குளிர் எப்படி எலும்புக்குள் போய் உட்காரும் என்று ஸிந்தரில் எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் கேட்காமலே ஹனியா வீட்டிலிருந்து ஒரு கம்பளி வந்தது. வெள்ளிதோறும் மாடிப்படியில் மூடிய கிண்ணத்தில் கூஸ்கூஸ் இருந்தது. சளி பிடித்து நான் இருமிக்கொண்டே இருந்த வாரத்தில் லல்லா பத்தூல் என்னை ஹம்மாமுக்கு இழுத்துப்போய், ஆவி பறக்கிற தரையில் உட்காரவைத்து, முதுகு தேய்த்தார். "என்னடி இது, உங்க ஊர்ப் பாலைவனத்தையே முதுகுல கட்டிட்டு வந்தியா?" என்று சொல்லி அங்கே குளித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களையும் சிரிக்கவைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவுக்குப் பிறகு என் முதுகு தேய்த்த கை அதுதான்.

வெளிநாட்டு மாணவர்கள் குடியிருப்பு அட்டைக்கு மனுக் கொடுத்தாக வேண்டும். எனக்குக் கடைசி நாள் வியாழக்கிழமை. மனுக் கொடுத்த ரசீது இல்லாதவர்கள் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மற்ற காகிதம் எல்லாம் கையில் இருந்தது. முகத்தம் தரவேண்டிய இருப்பிடச் சான்று ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை நானே முகத்தம் மிலூதின் அறைக்குப் போய்க் கேட்டேன். "நாளைக்கு வந்து சந்துல விசாரிக்கறேன். நீ சொல்றது நிஜம்னா எழுதித் தரேன்" என்றார்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒரு காகிதத்துக்காக லல்லா பத்தூலைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த வாரம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. என்னைப் போன்ற கறுப்பு நிறத்தவர்களைத் தெருவில் பிடித்து, பேருந்தில் ஏற்றி, எங்கேயோ தெற்கே கொண்டுபோய் விடுகிறார்களாம். நிஜமோ வதந்தியோ, எங்கள் சந்து அதை நம்பியிருந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் முகத்தம் கையில் நோட்டோடு வந்து, "நைஜர்காரப் பொண்ணு ஒருத்தி இங்க இருக்காளாமே?" என்று விசாரித்திருக்கிறார்.

செவ்வாய் மாலை வகுப்பு முடிந்து வந்து அறையைத் திறந்தேன். காலி. மெத்தை இல்லை, புத்தகம் இல்லை, சுவரில் ஒட்டியிருந்த அம்மாவின் படம்கூட இல்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் லல்லா பத்தூல், லஹ்சன், ஹனியா மூன்று பேரும் மேலே வந்தார்கள். சண்டையில் ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி முகம்.

"பயப்படாதே தங்கச்சி" என்றார் லஹ்சன். "அந்தாளு கேட்டான். பொண்ணா? எங்க சந்துலயா? அல்லாமேல ஆணை, கண்ணால பார்த்ததே இல்லன்னுட்டேன்."

"மாடில புறாதான் இருக்கு, அல்லாமேல ஆணைன்னு நான் சொன்னேன்" என்றாள் ஹனியா. "அவன் திரும்பி வந்தா பார்க்கக் கூடாதுன்னு உன் சாமானெல்லாம் என் கடையில, திரைக்குப் பின்னால பத்திரமா இருக்கு."

மிலூத் விடாமல் மாடிவரை ஏறியிருக்கிறார். கொடியில் என் மஞ்சள் பூப்போட்ட துணி காய்ந்துகொண்டிருந்ததாம். அதை லல்லா பத்தூல் இரண்டு குரலில் நடித்தே காட்டினார்.

"'இது யாரோடது லல்லா?' 'என்னோடதுதான்.' 'உங்களோடதா?' 'ஏன், எனக்கு மஞ்சள் ஆகாதா? நான் தனியா இருக்கற பொம்பள. அல்லா சாட்சியா இந்த வீட்டுல வேற யாரும் இல்ல. இறங்குங்க கீழ!'"

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"லல்லா, அவரை வரச் சொன்னதே நான்தான்" என்றேன். "நான் இங்க இருக்கேன்னு அவரு எழுதித் தந்தாதான் எனக்கு அட்டை. நாளன்னைக்குக் கடைசி நாள்."

ஹனியாவும் லஹ்சனும் லல்லா பத்தூலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முகத்தமை," என்றார் லல்லா பத்தூல், ஒவ்வொரு சொல்லாக, "நீயே, வீட்டுக்குக் கூப்பிட்டியா?"

"ஆமா."

"யாராவது கூப்பிடுவாங்களாடி?"

ஹனியா முதலில் சிரித்தாள். லஹ்சனும் சிரித்தார். லல்லா பத்தூல் மட்டும் சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணிட்டேனே" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். மற்ற இருவரின் சிரிப்பும் அதோடு நின்றது.

புதன்கிழமை காலை சமையலறையில் லல்லா பத்தூல் எனக்கு ரொட்டியும் டீயும் மூடி வைத்திருந்தார். அவருடைய கிளாஸ் கவிழ்ந்தே கிடந்தது. என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூட மனம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சீக்கிரமாகச் சாப்பிட்டு முடித்தேன். "கிளம்பு, மிலூதைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். சந்து முனையில் லஹ்சன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஹனியாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

மிலூத் எங்கள் நால்வரையும் பார்த்து, வேண்டுமென்றே நிதானமாக, ஐந்து கிளாஸில் புதினா டீ ஊற்றினார்.

"நேத்து இல்லாத பொண்ணு இன்னைக்கு எப்படி முளைச்சா?"

"பயத்துல சொல்லிட்டோம்" என்றார் லஹ்சன். "இவ எங்க சந்துப் பொண்ணுதான்."

"லல்லா, நேத்து அல்லாவையே சாட்சிக்குக் கூப்பிட்டீங்க. இன்னைக்கு யாரைக் கூப்பிடப் போறீங்க? நேத்துச் சொன்னதை நம்பறதா, இன்னைக்குச் சொல்றதையா? எதை வச்சு நான் முத்திரை குத்தறது?"

மேசையில் மூன்று கிளாஸ் டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பாதி குடித்திருந்தேன். இந்த ஊரில் ஊற்றின டீயைத் தொடாமல் இருப்பது அவமரியாதை என்று பத்து வாரத்தில் எனக்கே தெரியும். காரியம் கெட்டுவிடுமே என்று பதறி, "குடிங்க லல்லா" என்று கிசுகிசுத்தேன்.

மிலூதும் கவனித்துவிட்டார். முகம் சுருங்கியது. "என் டீ கூட ஆகாதா உங்களுக்கு?"

"டீ மேல என்ன கோபம்?" என்றார் லல்லா பத்தூல், தலையைக் குனிந்தபடி. "நோன்பு."

"நோன்பா? ரமலானுக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கே?"

"பொய்ச் சத்தியத்துக்கு. மூணு நாள். மனசார மன்னிப்புக் கேட்டா போதும்னாரு இமாம். அவருக்குப் போதும், எனக்குப் போதாது."

மிலூத் லஹ்சனைப் பார்த்தார். "எனக்கும் மூணு நாள்" என்றார் லஹ்சன்.

"எனக்கும்தான்" என்றாள் ஹனியா. "பாவம், அந்தப் புறாவைவேற பொய்க்கு இழுத்துட்டேன்."

கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் கவிழ்ந்துகிடந்த கிளாஸைப் பார்த்து இவர்களைப் பற்றி என்னென்னவோ நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. கண்ணீர் தானாக வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

மிலூத் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். எழுதினார், முத்திரை குத்தினார். தாளை என்னிடம் நீட்டியவர், உடனே விடவில்லை.

"நான் பொறந்ததே இந்த ஊர்லதான்" என்றார். "எனக்காக இங்க ஒருத்தரும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்ல."

வெளியே வந்ததும், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"சொன்னா நீ காலைல சாப்பிட்டிருப்பியா?" என்றார் லல்லா பத்தூல். "வெறும் வயித்தோட வகுப்புல போய் உட்காருவியா? படிக்க வந்தவதானே நீ?"

வியாழக்கிழமை மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினேன். அன்றும் வெள்ளியும் நானும் நோன்பு பிடித்தேன். "நீ என்னடி பொய் சொன்னே?" என்று லல்லா பத்தூல் திட்டினார். திட்டிக்கொண்டேதான் விடியுமுன் எழுப்பி எனக்கும் சோறு போட்டார்.

வெள்ளி மாலை நால்வரும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஹரீரா சூப் பானை, தட்டில் பேரீச்சம்பழம். பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா, நோன்பு."

"இப்ப என்ன நோன்பு? அந்த ஊர்ல தனியாவா நோன்பு பிடிக்கறே?"

அம்மாவின் குரல் உடைவது எனக்குக் கேட்டது. நான் வந்த நாளிலிருந்து அவள் பயந்த கேள்வி அது ஒன்றுதான்.

"தனியா இல்லம்மா" என்றேன். "வீட்டுல எல்லாருமே நோன்பு."