ஸ்பீக்கரில் டிக் சத்தம்

சின்னக்கானலில் முருகேஸ்வரி வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர், எந்தப் பாட்டைப் போட்டாலும் நடுவே 'டிக், டிக்' என்று அடித்து அவள் உயிரை வாங்கியது. டிரைவரை மாற்றினாள், செட்டிங்கைக் குடைந்தாள்; ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் புது வயரைச் செருகியதும் சத்தம் நின்றது.

"பாத்தீங்களா, இந்த வயருதான் சனியன்!" என்றாள் கணவனிடம்.

ராஜசேகரின் முகம் மாறியது. "பழைய வயரையே திருப்பி மாட்டு."

மாட்டினாள். அப்போதும் டிக் இல்லை.

அவன் பாட்டை நிறுத்தினான். குரல் இறங்கியது. "வயரு இல்ல புள்ள. நம்ம சோலார் வேலியில கரண்டு விட்டு விட்டுப் பாயுமில்ல, அதுதான் இதுல அடிச்சிருக்கு."

வேலி ஆனை உள்ளே வராமலிருக்கப் போட்டது. டிக் நின்றதென்றால் வேலி கரண்டில்லாமல் செத்துக் கிடக்கிறது என்று அவளுக்கு உறைத்தபோது, வீட்டுக்குப் பின்னால் வாழை முறியும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.