ஐந்திலிருந்து ஒன்பது வரை அண்ணன்

என் அண்ணன் கணக்கில் புலி. புலி கடிக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவன் இரண்டு பொருள் வாங்கி வந்தான். ஒன்று, கட்டிலில் கட்டிவைக்க ஓர் அழைப்பு மணி. அமுக்கினால் வீடு முழுக்கக் குருவி கத்தும். இன்னொன்று, எதிர்ச் சுவரில் மாட்ட, சிவப்பு எண்கள் எரியும் பெரிய கடிகாரம். ரயில் நிலையத்தில் காட்டுவதுபோல இருபத்து நாலு மணிக் கணக்கு. கதவு திறந்திருந்தால் கூடத்தில் என் மேசையிலிருந்தே தெரியும்.

நாங்கள் இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். அவன் தன் அறையில் உட்கார்ந்து ஒரு கட்டட எஞ்சினியருக்கு வரைபடம் போடுவான். அண்ணி பிரிந்துபோய் இரண்டு வருஷமாகிறது. காரணத்தை நான் அவளிடம் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நான் கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்டுச் சமாதானம் சொல்வேன். அப்போது எனக்குச் சோதனைக் காலம். பேச்சை நடுவில் விட்டு எழுந்தால் ஓர் எச்சரிக்கை. மூன்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பவளை எங்கே அனுப்புவார்கள் என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. முப்பத்தாறு வயதில் முதல்முதலாக என் பெயருக்கு வந்த வேலை அது.

குருவி கத்தினால் யார் எழுவது? அண்ணன்தான் வழி சொன்னான். மணி காட்டும் இரண்டு எண்ணில் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நாலு வரை நான், ஐந்திலிருந்து ஒன்பது வரை அவன். பத்து எண்ணில் ஆளுக்கு ஐந்து, இதில் என்ன தகராறு என்றான். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

ஒரு வாரத்தில் எனக்கு முழங்கால் விட்டுப்போனது. அப்புறம்தான் காகிதம் எடுத்து எண்ணினேன். கடிகாரம் இருபத்து மூன்றைத் தாண்டாது அல்லவா? அதனால் 0, 1, 2, 3 நான்கும் நாளுக்கு மூன்று தடவை வருகின்றன, மற்றவை இரண்டே தடவை. எனக்குப் பதினாலு மணி நேரம், அவனுக்குப் பத்து. என் தலையில் நன்றாகவே மிளகாய் அரைத்திருந்தான்.

வெறியில் மற்ற இடங்களையும் எண்ணினேன். முதல் இடத்தில் 0, 1, 2 தவிர ஆளே இல்லை. நிமிஷத்தின் முதல் இடத்தில் ஐந்துக்கு மேல் எதுவும் எட்டிப்பார்ப்பதில்லை. ஒரு நாளில் ஒன்றும் பூஜ்யமும் ஆயிரத்துச் சொச்சம் தடவை வந்து பல்லைக் காட்டுகின்றன; ஏழும் எட்டும் இருநூற்றுச் சொச்சத்தோடு ஓரமாக நின்றுவிடுகின்றன. கடிகாரத்திலும் சிலதுக்குத்தான் செல்லம். கடைசி இடத்தில் மட்டும் பத்தும் சமம், ஒவ்வொன்றுக்கும் நூற்று நாற்பத்து நாலு நிமிஷம். இனி அந்தக் கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணன் அசடு வழிய ஒத்துக்கொண்டான். அம்மாவிடமும் சொன்னோம். தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு குருவி இன்னும் மோசமாக என்னையே பிடித்துக்கொண்டது. பத்து தடவை கத்தினால் ஒன்பது தடவை என் முறை. கடிகாரத்தில் கைவைத்திருக்கிறானோ என்று போனோடு ஒத்துப் பார்த்தேன், நிமிஷம் பிசகவில்லை. அவன் முறையில் கத்தியபோதெல்லாம் முனகாமல் போகவும் செய்தான். இதற்குள் எனக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. சோதனைக் காலம் முடிய இன்னும் ஒரு வாரம்.

என் விடுமுறை நாளன்று அம்மாவின் அறையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த அலமாரிக் கதவு மறைத்ததால் நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை; இடுக்கு வழியே எனக்கு அவள் தெரிந்தாள். 10:25. அவள் கை மணிக்குப் போனது. கண் கடிகாரத்துக்குப் போனது. கை திரும்பி வந்துவிட்டது. போர்வையைப் பிடித்துக்கொண்டாள், உதட்டைக் கடித்தாள். 10:27-இல் கண்ணோரம் ஈரமானது. 10:30 ஆனதும் குருவி கத்தியது.

மூத்திரத் தட்டை வைத்து, துடைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன், ஏன் அடக்கிக்கொண்டிருந்தாய் என்று.

"பாவம்டி அவன், வேலை செய்யுற பிள்ளை. நீ சும்மா பேசிட்டுத்தானே இருக்க."

"அந்தப் பேச்சுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்."

"உன்னை யாரு குறை சொன்னா இப்ப?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கிடந்தவள்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினேன். நேரம் தெரியாவிட்டால் குருவி யாருக்கு வேண்டுமானாலும் கத்தட்டும், அப்போதாவது பாதிக்குப் பாதி விழும் என்பது என் கணக்கு.

அம்மா அதன்பின் மணியைத் தொடவே இல்லை. நேராக என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

சோதனைக் காலத்தின் கடைசி நாள், மதியம். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு பெரியவர் பொறுமையாக விவரித்துக்கொண்டிருந்தார். "பாப்பா" என்று உள்ளேயிருந்து குரல். பேசிக்கொண்டே இருந்தேன். மறுபடி "பாப்பா", இந்தத் தடவை அலறலாக. அண்ணனின் அறைக் கதவு அசையவில்லை. கூடத்துக் கடிகாரத்தில் 14:38.

"அம்மா கூப்பிடுறாங்க போலிருக்கே," என்றார் அந்தப் பெரியவர். "போய்ப் பாருங்கம்மா. என் ஃபிரிட்ஜ் எங்கேயும் ஓடிடாது."

விழுந்துவிட்டாளோ என்றுதான் ஓடினேன். அம்மா தலையணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மணி என்னாச்சு? பெரியவன் இன்னும் சாப்பிடலை போல. போட்டுக் குடு."

மூன்றாவது எச்சரிக்கையும் கணக்கு முடிப்புக் கடிதமும் மாலையில் ஒன்றாகவே வந்தன. அண்ணன் என் தோளைத் தட்டினான். அவன் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"விடு பாப்பா. இனிமே நமக்குள்ள முறைக் கணக்கே வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினான். தன் அறையில் மாட்டிக்கொள்ளப் போகிறானாம், வேலைக்கு உதவுமாம்.

நான் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.