வரப்பு வரைக்கும் பூட்ஸ்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. கதைகள் இதைவிடக் கௌரவமான இடங்களில் பிறக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தது ஒரு ஏ4 தாள். அதில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து வட்ட முகங்கள், அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகத்தில் முடியும். பத்துக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்தில் டிக் அடித்திருந்தார் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் கொளஞ்சி அக்கா. அந்தப் பத்து டிக்கில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளை நம்பி நாங்கள் செய்யவிருந்த எல்லாமே தப்பு.

நாங்கள் என்றால் நானும் பூஜாவும். நான் தமிழரசன், திண்டிவனம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம்.* பூஜாவும் அதே வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட்: உப்பளத் தொழிலாளருக்கான பாதுகாப்புக் காலணி. முதல் மாதிரியாக ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் செய்தோம், கொளஞ்சி அக்காவின் கால் அளவுக்கு. அவர் இரண்டு வாரம் போட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதுதான் சோதனை.

* கல்லூரியின் பெயர் வேண்டாம். பேருந்தின் பின்பக்கத்தில் ஏற்கெனவே பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.

2

முதல் வரியாக இதை எழுதியிருந்தேன்:

மரக்காணத்து உப்பளங்களில் காலைச் சூரியன் வெள்ளித் தகடாக உருகி

(நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் அங்கே நின்றால் கண் கூசித் தண்ணீர் கொட்டும். தகடாவது, உருகுவதாவது.)

அடுத்தது:

எழுபதைக் கடந்த கொளஞ்சி, சுருக்கம் விழுந்த கையால் ஒரு பிடி உப்பை அள்ளி, "தம்பி, இந்தக் கடல் இருக்கே

(இதையும் நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. கடலைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் என் தலைமுடியைப் பற்றி. "ஏம்பா, காசு குடுத்தா இப்படி வெட்டிக்கிற?")

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது ஒரே ஒரு பொருள்: கொளஞ்சி அக்காவின் வலது குதிகால்.

அதில் ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் நீளம். உள்ளே சிவப்பாகத் தெரியும். உப்பு விளையும் பாத்தியில் நிற்கிற தண்ணீர் கடல்தண்ணீரைவிடப் பல மடங்கு கரிப்பு. அதில் தினமும் ஐந்து மணி நேரம் நின்று, மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் உப்புத்தண்ணீர் படக்கூடாது, பட்டால் புண் எலும்பு வரைக்கும் போய்விடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம் ஊட்டுல குந்துனா என் பாத்தில வேற ஆள எறக்கிடுவாங்க," என்றார் அக்கா. "அடுத்த வருஷமும் அவங்கதான். நான் வரப்புல நின்னு வேடிக்க பாக்கணும்."

புண்ணும் ஆற வேண்டும், பாத்தியிலும் நிற்க வேண்டும். பூட்ஸின் வேலை அதுதான்.

3

பூட்ஸைப் பற்றிப் பெருமையாக ஒரு பத்தி எழுதி அழித்தேன். மிச்சம் இவ்வளவுதான்: குயிலாப்பாளையத்தில் ஒரு பட்டறையில் தைத்தது. முழங்காலுக்குக் கீழ் வரை வரும். வழுக்காமலிருக்க அடியில் ஆழமான பள்ளங்கள். உள்ளே, நடக்கிற அடிகளை எண்ணும் ஒரு சிப்பு.

முதல் நாள் அக்கா அதைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நான் போட்டோ எடுத்தேன்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குதுப்பா."

பக்கத்துப் பாத்தியிலிருந்த சின்னப்பாப்பா அக்கா, பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "இன்னாடி, போலீஸ்காரி ஆயிட்ட?"

"வயித்தெரிச்சல் புடிச்சவ. நீ போட்டோல உழாம தள்ளி நில்லு."

எல்லோரும் சிரித்தோம். நானும் பூஜாவும் பஸ் ஏறிவிட்டோம். கதையில் முக்கியமானது எல்லாம் நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் நடந்தது. ஆசிரியன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

4

இரண்டு வாரம் கழித்து பூட்ஸும் படிவமும் கல்லூரிக்கு வந்தன. சிப்பின் கணக்குப்படி ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறாயிரம் அடிகள். படிவத்தில் பத்துச் சிரிப்புகள். எங்கள் வழிகாட்டி ராஜவேல் சார் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். ஒரு தொண்டு நிறுவனம் இருநூறு ஜோடி செய்து கொடுக்கத் தயாராக இருந்தது. திங்கட்கிழமை ரிவியூ. நாங்கள் ஸ்லைடில் "நூறு சதவீதத் திருப்தி" என்று போட்டால் முடிந்தது.

பூஜா மட்டும் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், இதுல வெள்ளையே இல்லடா."

உண்மைதான். அந்த ஊரில் எதை ஒரு மணி நேரம் வைத்தாலும் வெள்ளை பூத்துவிடும். சைக்கிள் கம்பி, சாப்பாட்டுத் தூக்கு, என் பேண்ட், எல்லாம். பூட்ஸில் செம்மண் இருந்தது, தார் இருந்தது, ஒரு நெருஞ்சி முள்கூடக் குத்தியிருந்தது. வெள்ளை இல்லை.

"தொடச்சிருப்பாங்க," என்றேன்.

"தையல்ல இருக்கும்ல?"

ஆய்வகத்தில் உப்பை அளக்கும் கருவி இருக்கிறது. அது இருக்கிற அறையின் சாவி விடுப்பில் போயிருந்தது. எனவே நான் பூட்ஸை நக்கிப் பார்த்தேன்.** கரிக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்றாள் பூஜா. "அவங்க குதிகால் போட்டோ அனுப்பியிருக்காங்க. வெடிப்பு பெருசாயிருக்குது."

 ** நான் பூட்ஸை நக்கிய அதே நேரத்தில் ராஜவேல் சார் உள்ளே வந்தார். அவர் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சில உறவுகள் அப்படித்தான் நிலைக்கின்றன.

5

மறுநாளே பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தோம். இன்னும் நாலு நாள் போட்டுப் பாருங்கள் என்றோம். அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றோம்.

வரப்பு ஓரத்தில் வரிசையாக ஒன்பது ஜோடி ரப்பர் செருப்புகள். பத்தாவதாக எங்கள் பூட்ஸ். வெயில் படாமலிருக்க மேலே ஒரு ஜவுளிக்கடைப் பை கவிழ்த்திருந்தது. பாத்திக்குள் கொளஞ்சி அக்கா வெறுங்காலோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பூட்ஸு?"

"இருக்குதேப்பா. தூசு படாம கவர் போட்டு வச்சிருக்கேன்."

"போடலியா?"

"இன்னா போடலியா? ஊட்டுலேர்ந்து வரப்பு வரைக்கும் அதுலதான் வர்றேன். போறப்பவும் அதான். முள்ளு குத்துறதில்ல, தாரு சுடுறதில்ல. நல்லா இருக்குது, அதான் எழுதிக் குடுத்தனே."

"பாத்தில போடத்தானக்கா செஞ்சோம்."

அக்கா பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். சின்னப்பாப்பா அக்கா சொன்னார். அவருக்கு இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றிருக்கும் போல.

"செருப்புக் காலோட எவனாவது பாத்தில எறங்குவானாப்பா? திங்கிற உப்பு. நீ போட்டோ புடிச்ச அன்னிக்கி ஏதோ போனாப் போவுதுன்னு எறங்கினா. நீ அந்தாண்ட போன, இந்தாண்ட பாத்தா தரையெல்லாம் குண்டு குண்டா பள்ளம். சேறு கெளம்பி உப்பு கருத்துப் போச்சு. தை மாசம் மூணு நாளு வரிசையா நின்னு காலாலயே மிதிச்சு எறுக்குன தரை. நானும் அவளும் காலையில பாதி நேரம் அதத்தான் திரும்ப மிதிச்சோம். முதலாளி வர்றதுக்குள்ள."

"அத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் பூஜா.

கொளஞ்சி அக்கா பலகையைக் கீழே வைத்தார். "எப்படிம்மா சொல்றது? ரெண்டு பஸ்ஸு மாறி வந்து நிக்கிறீங்க. இந்தப் புள்ள மூஞ்சப் பாரு, பரிச்ச ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி. அந்தத் தாள்ல 'பள்ளம் உழுந்துச்சா'ன்னு ஒரு கேள்வி போட்டிருந்தா உழுந்துச்சுன்னு எழுதியிருப்பேன்."

பத்துக் கேள்விகளையும் எழுதியவன் நான்.

6

இந்த இடத்தில் நாயகன் ஒரு தார்மீகப் போராட்டத்தில் ஆழ்ந்து இரவெல்லாம்

(இல்லை. நன்றாகத் தூங்கினேன். ஸ்லைடு தயாரித்தது பூஜா.)

திங்கட்கிழமை முதல் ஸ்லைடில் ஜவுளிக்கடைப் பை கவிழ்த்த பூட்ஸ் இருந்தது. "எங்கள் காலணி இந்த இடத்துக்கு மேல் போகவில்லை" என்று கீழே எழுதியிருந்தாள். ராஜவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்பா தமிழரசா, டேட்டா நல்லாத்தான இருந்துச்சு?"

"டேட்டா நல்லாதான் சார் இருக்குது. குதிகால்தான் நல்லா இல்ல."

இருநூறு ஜோடி நின்றுபோனது. எங்களுக்கு ஒரு மாதம் கழித்து மறு ரிவியூ. அதில் தேறாவிட்டால் அடுத்த வருஷமும் இதே பேருந்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கள் கவலை, உங்களுக்கு வேண்டாம். குதிகாலைக் கவனியுங்கள்.

7

அடுத்த மாதிரிக்கு முன் படிவம் எதுவும் எடுத்துப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து, காலில் என்ன வேண்டும் என்று கேட்டோம்.

"எனக்கு இன்னா தெரியும்? நீதான படிக்கிற," என்றார் கொளஞ்சி அக்கா. அப்புறம் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. முன்பாதமும் விரலும் தரையில் பட வேண்டும், பட்டால்தான் உப்பு எவ்வளவு கனம் கட்டியிருக்கிறது என்று தெரியும். அடியில் பள்ளம் கூடாது. மேலே உயரம் கூடாது, உள்ளே தண்ணீர் நின்றால் அதுவே ஒரு பாத்தி. "உள்ள உப்பு வெளஞ்சா அதையும் நானே வாரணும்."

குதிகாலுக்கு மட்டும் ஒரு தொப்பி செய்தோம். பழைய டயர் டியூப், வழவழப்பாக, தண்ணீர் புகாதபடி காலோடு ஒட்டி. கணுக்காலில் இறுக்கிக் கட்ட ஒரு பட்டி. முன்பாதம் முழுக்கத் திறந்திருக்கும்.

அதைக் காட்டியதும் வரப்பில் ஒரு வழக்கு தொடங்கியது.

"இதுவும் செருப்புதான்," என்றார் சின்னப்பாப்பா அக்கா.

"செருப்புன்னா அடி இருக்கணும். இது கட்டு. காலுக்குக் கட்டுப் போட்டுக்கினு நீ எறங்கல போன வருஷம்?"

"அது துணிடி."

"இது ரப்பரு. துணியவிட சுத்தம்."

"மத்தவங்க இன்னா சொல்லுவாங்க?"

கொளஞ்சி அக்கா தொப்பியைக் கையில் வைத்து மடக்கி மடக்கிப் பார்த்தார்.

8

கதையையும் சோதித்தாக வேண்டுமே. மேலே உள்ள ஏழு பகுதிகளையும், எழுதி வைத்திருந்த முடிவுகளையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த முதல் வடிவில் அவர் எழுபது வயதுக் கிழவியாகவும், சூரியன் தகடாகவும் இருந்தார்கள்.

"நல்லா இருக்குதுப்பா," என்றார்.

எனக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கம். "கதைய எங்கக்கா கழட்டி வச்சீங்க?"

அக்கா சிரித்துவிட்டார். "கெழவின்னு போட்டிருக்க பாரு, அங்கதான். அப்பறம் அந்தத் தகடு. முடிவு வேற நீயே எழுதி வச்சிருக்க. நான் இன்னும் எறங்கவே இல்ல, அதுக்குள்ள காலு ஆறிப்போச்சுன்னு போட்டா?"

ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தேன். முடிவு (அ): புண் ஆறியது, மேடையில் அக்காவுக்குச் சால்வை. முடிவு (ஆ): புண் ஆறவில்லை, ஆசிரியருக்கு ஆழ்ந்த துயரம், ஒரு நீண்ட வாக்கியம். இரண்டையும் அடித்துவிட்டேன்.

9

இன்று காலை ஆறரை மணி. ஒன்பது ஜோடி செருப்பும் ஒரு ஜோடி பூட்ஸும் வரிசையாக நிற்கின்றன. கொளஞ்சி அக்கா வரப்பில் உட்கார்ந்து வலது குதிகாலில் தொப்பியை மாட்டிப் பட்டியை இழுத்துக் கட்டுகிறார். எழுந்து நிற்கிறார். சின்னப்பாப்பா அக்கா பாத்திக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் எட்டுப் பேர் பார்க்கிறார்கள்.

நானும் பார்க்கிறேன். அதுதான் சிக்கல். நான் பார்த்தால் என் மூஞ்சிக்காக இறங்கிவிடுவார், நான் போனதும் கழற்றிவிடுவார். மறுபடியும் ஒரு சிரிக்கிற முகம் எனக்குக் கிடைக்கும்.

பூஜா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இப்போது இருவரும் பாத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து நிற்கிறோம். அனுமந்தையிலிருந்து மீன் ஏற்றிய ஒரு வண்டி போகிறது.

"திரும்பிப் பாத்த, கொன்னுடுவேன்," என்கிறாள்.

பின்னால் பட்டி சரசரக்கிறது. கட்டுகிறாரா, அவிழ்க்கிறாரா தெரியவில்லை. சின்னப்பாப்பா அக்கா ஏதோ சொல்கிறார், காற்றில் கேட்கவில்லை. அப்புறம் தண்ணீரில் ஒரு கால் இறங்கும் சத்தம். வெறுங்கால் இறங்கினாலும் அதே சத்தம்தான் வரும்.

ஆகவே இதை எழுதுகிறவனுக்கு முடிவு தெரியாது. உங்கள் முகம் அக்காவுக்குத் தெரியாது, உங்களுக்காக அவர் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கலாம். முதலில் வரப்பில் தொப்பி கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்னிடம் வந்து சொல்லுங்கள். நல்லா இருக்குது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.