ஹலோ சார்

வார்டையொட்டி இருந்த டாக்டர்கள் அறையில் சின்ன டாக்டர் கைப்பேசியைத் தொட்டால் போதும், மற்றவர்கள் எல்லோரும் போன் பேசுவதுபோல் காதில் கையை வைத்துக்கொள்வார்கள்.

"ஹலோ சார்! பேஷன்ட் கொட்டாவி விட்டுட்டாங்க சார்! என்ன பண்ணட்டும் சார்?" என்று தாடி டாக்டர் ஆரம்பிப்பார். அப்புறம் கேட்கவா வேண்டும், அறையே குலுங்கும்.

அவளுக்கு 'ஹலோ சார்' என்ற பெயரைச் சூட்டியதே பெரியவர்தான். அந்த வார்டின் தலைமை அறுவை மருத்துவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோயாளிக்கு விக்கல் நிற்கவில்லை என்று, பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். மறுநாள் ரவுண்ட்ஸில், நர்சுகள், நோயாளிகள் அத்தனை பேர் முன்னாலும், "வாங்க ஹலோ சார்! விக்கல் நின்னுச்சா? இல்ல, நானே வந்து தண்ணி ஊட்டி விடட்டுமா?" என்றார். அவ்வளவுதான். பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பெரியவரைக் கூப்பிடாமல் சமாளிக்கிறவன் அந்த வார்டில் கெட்டிக்காரன். கூப்பிடுகிறவள் கோமாளி.

பித்தப்பை அறுவை முடிந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த தையல்கார அக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவள் கண்ணில் பட்டது டாக்டரின் தொளதொள வெள்ளைக் கோட்டுதான்.

"யாரு டாக்டரம்மா இதைத் தைச்சது? உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் சேத்துத் தைச்சிருக்காங்களே!" என்று காலையில் சிரித்தாள். தன் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து, கோட்டை முதுகுப் பக்கம் மடித்துக் குத்தியும் விட்டாள். "இப்போதைக்கு இது போதும். நான் வீட்டுக்குப் போனதும் குடுத்து அனுப்புங்க. அழகாப் பிடிச்சுத் தரேன்."

மத்தியானம் அதே அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, தோள்பட்டை இழுக்குது. உடம்பு என்னமோ பண்ணுது. பயமா இருக்கு."

அந்தக் கை சில்லென்று இருந்தது. நாடி தடதடவென்று ஓடியது. உதடு வெளுத்திருந்தது, வயிறு காலையில் இருந்ததைவிட உப்பியிருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்பது சின்ன டாக்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தெரியாமல் நடந்த தப்பு என்று பிறகு சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. கைப்பேசியை எடுத்தாள். பெரியவரின் எண் வரைக்கும் விரல் போனது.

"ஆஹா, ஹலோ சார் ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" அடுத்த கட்டிலருகே நின்ற தாடி டாக்டர் காதில் கையை வைத்தார். "இந்த ஆபரேஷனுக்கு வயித்துல காத்து ஏத்துவாங்கம்மா. அதான் தோள்ல வலிக்குது. உன் புத்தகத்துல அந்தப் பக்கம் மட்டும் கிழிஞ்சு போச்சா?"

பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். கைப்பேசி பைக்குள் போனது.

"காத்துதான் அக்கா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றாள் சின்ன டாக்டர். வலிக்கு ஊசி போட்டாள், சலைன் ஏற்றினாள். திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள். வரும்போதெல்லாம் நாடி இன்னும் வேகமாக ஓடியது. வரும்போதெல்லாம் அவள் கை பைக்குள் போய் வெறுமனே வெளியே வந்தது. சாயங்காலம் பெரியவர் எப்படியும் ரவுண்ட்ஸ் வருவார், அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

பார்த்தார். போர்வையை விலக்கியதுமே அவர் முகம் மாறிவிட்டது. தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அடைக்க வேண்டிய இடத்தை அடைத்து முடிப்பதற்குள் தையல்கார அக்கா அறுவை மேசையிலேயே இறந்துபோனாள்.

"ஒரு சின்ன ரத்தக்குழாய்" என்றார் பெரியவர், கையைக் கழுவிக்கொண்டே. "மத்தியானமே தொறந்திருந்தா ஒரே ஒரு முடிச்சு. ஏன்மா எனக்குப் போன் பண்ணல?"

கேட்டவர் சாட்சாத் அவரேதான். தாடி டாக்டர் தரையைப் பார்த்தார்.

"கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன் சார்."

"சிரிச்சா என்ன, செத்தா போயிடுவே?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. குழாயை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. ஹார்ட் நின்னுடுச்சுன்னு நானே சொல்லிக்கறேன். சின்னப் பொண்ணு, உன் எதிர்காலத்தையும் பாக்கணும்ல."

சொல்லியும் விட்டார். பஸ் ஓட்டப் போயிருந்த அக்காவின் கணவர், வேலை உடுப்போடு ஓடிவந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சின்ன டாக்டரிடம் வந்தார்.

"நீங்கதான் விடாம வந்து பாத்தீங்களாமே டாக்டரம்மா. போன்ல சொன்னா. 'அந்தப் பொண்ணு பக்கத்துலயே இருக்கு, நீ பதறாம வண்டிய ஓட்டிட்டு வா'ன்னா." அவர் கைகூப்பினார். "உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா."

முதுகில் ஊக்கு உறுத்தியது. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை.

"ஹார்ட் இல்லண்ணா. உள்ளுக்குள்ள ரத்தம் போச்சு. எனக்கு மத்தியானமே தெரியும். பெரிய டாக்டரைக் கூப்பிட்டிருந்தா அக்கா பொழைச்சிருப்பாங்க. கூப்பிட்டா கேலி பண்ணுவாங்கன்னு... நான் கூப்பிடல."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அவளுக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார் அவர், மெதுவாக. "அவ கூப்பிட்டாளேம்மா, உன்னை."

கதவருகே பெரியவரும் தாடி டாக்டரும் அசையாமல் நின்றிருந்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணை நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா, இது வாயை அடைச்சது நீங்க. ஒண்ணு தெரிஞ்சுக்குங்க சார். சந்தேகம் கேக்கறவங்களைப் பாத்துச் சிரிக்கற இடத்துல, சிரிப்புக்கு ஆளானவங்க சாக மாட்டாங்க. கட்டில்ல படுத்திருக்கறவங்கதான் சாவாங்க."