மூன்று கிலோமீட்டர் தள்ளி

அலுவலகத்தில் அவளுக்குப் புதர் அக்கா என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவளோ அதைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள். உலகத்திலேயே ஒரே ஒரு மலைச்சரிவில், வெள்ளைக்கல் உதிரும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வளர்கிற ஒரு முழங்கால் உயரப் புதர்ச்செடி. வருடத்துக்கு ஒருமுறை போய் அதை எண்ணிவிட்டு வருவது அவள் வேலை. பதினோரு வருடமாக எண்ணுகிறாள். போன வருடம் இருநூற்றுப் பதினான்கு. இந்த முறையும் குறையாமல் இருந்தால் அருகிவரும் செடிகளின் பட்டியலில் 'அழிவின் விளிம்பில்' என்பதை ஒரு படி இறக்கி 'ஆபத்தில்' என்று மாற்றிவிடலாம்.

"ஆபத்துன்னதும் சந்தோஷப்படுற ஒரே பொம்பளை நீதான்" என்று வீட்டுக்காரர் அன்று காலை வழியனுப்பினார்.

அந்தச் செடிக்கு நீலப் பூ. அதுதான் அதற்குச் சனியன். தோட்டப் பைத்தியங்கள் இடம் தெரிந்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொண்டுபோன மண்ணில் அது ஒரு மாதம் கூடத் தாங்காது. அதனால் இப்படிப்பட்ட செடிகளுக்குப் பொது வரைபடத்தில் இடம் காட்டும் புள்ளியை வேறெங்காவது நகர்த்தி வைப்பது அலுவலக வழக்கம். இவள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கீழே பள்ளத்தாக்கில் வைத்திருந்தாள். உண்மையான இடம் அவள் பீரோவில், ஒட்டிய உறைக்குள். கட்டிய கணவரிடம் கூட மூச்சு விட்டதில்லை.

ஜீப் திருப்பத்தில் நின்றது. மேலே போக வேண்டிய ஒற்றையடிப் பாதையைக் காணோம். அங்கே புத்தம் புது மண்சாலை, சரிவை வகிர்ந்துகொண்டு ஏறியது. மண்வெட்டும் இயந்திரம் ஒன்று வெள்ளைக்கல்லை வாரி வாரிக் கீழே கொட்டியது.

சாலைப் பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார். நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது.

"செடி ஆபீஸா மேடம்? வாங்க வாங்க. நீங்க பயப்படவே வேணாம்."

"இந்த ரோடு கீழ பள்ளத்தாக்கு வழியாத்தானே போகணும்?"

"அப்படித்தான் இருந்துச்சு. உங்க ஆபீஸுக்கு எழுதிக் கேட்டோம். புள்ளியை விட்டு விலகிப் போங்கன்னு பதில் வந்துச்சு. அதான் மேல திருப்பிட்டோம். எவ்வளவு சுத்து தெரியுமா! இருந்தாலும் ஒரு உயிராச்சே."

கோப்பைத் திறந்து காட்டினார். கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்து. எல்லாருக்கும் அனுப்புகிற அச்சடித்த பதில். அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். விலகினால் எங்கே போவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. உண்மையான இடத்தைப் பூட்டி வைத்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

மேலே ஏறி எண்ணினாள். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினாள். முப்பத்தொன்றுதான்.

"இதுதான் அந்தச் செடி" என்றாள். "வேலையை நிறுத்துங்க."

பொறியாளர் செடியைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. "என்னால நிறுத்த முடியாது மேடம். எழுத்துல வரணும். இந்த ஓரத்தையும் வெட்டலேன்னா மழைக்கு மேல இருக்கிறது அத்தனையும் சரிஞ்சு ரோட்டுல விழும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

தன் அலுவலக இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் பொறுமையாகவே கேட்டார். "புள்ளி தப்புன்னு நாமே எழுதிக் கொடுக்கணும்மா. அதுக்குக் குழு கூடணும். அடுத்த மாசம் இருபதாம் தேதி."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் சார் இருக்கு."

"புரியுதும்மா" என்றார். புரிந்து என்ன ஆக?

பெயர்த்து நட்டால் பிழைக்காது. இரண்டு முறை நட்டுப் பார்த்துக் கருகவிட்டவள் அவள். காயைப் பறிக்கலாம் என்று குனிந்தாள். எல்லாம் பச்சைப் பிஞ்சு, முற்ற இன்னும் ஏழு வாரம் ஆகும். முளைக்காது என்று தெரிந்தும் பறித்துப் பறித்துக் கைக்குட்டையில் போட்டாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது பொறியாளர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"கீழ புள்ளி இருக்கிற இடத்தில வேலி போட்டிருக்கோம் மேடம். எங்க ஆளுங்க தினமும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துறாங்க. அங்க இருக்கிறது அப்ப என்ன செடி?"

ஜீப்பில் போய்ப் பார்த்தார்கள். முள்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. 'அரிய செடி, தொடாதீர்கள்' என்று பலகை. உள்ளே, எங்கே பார்த்தாலும் முளைக்கிற, ஆடு கூட முகர்ந்துவிட்டுப் போகிற உண்ணிச்செடி ஒன்று தளதளவென்று நின்றது. ஒரு தொழிலாளி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா வருதும்மா. வாடவே விடல."

அவள் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று அந்தத் தொழிலாளி பயந்துபோனார்.