நகராட்சிப் பெண்

காலை ஏழு பத்து. லிஃப்ட் ஓடவில்லை. ஒதீல் எட்டு மாடி ஏறி ஃபெர்னானின் கதவைத் தட்டினாள்.

"பத்து நிமிஷம் லேட்டு. நகராட்சி வேலைதானே, யாரு கேக்கப் போறா?"

"கால நீட்டுங்க ஐயா."

பழைய கட்டைப் பிரித்தாள். புண் சற்றுச் சுருங்கியிருந்தது.

ரூபே நகரின் கம்பளி ஆலையில் ஃபெர்னான் முப்பது வருடம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். பதினோரு வருடங்களுக்கு முன் முதன்முதலாகக் கதவைத் திறந்து, "நகராட்சியா?" என்றார். அவள் மறுக்கவில்லை. அவளுடைய கன்னியர் சபையில் அங்கி கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஏழைகளின் குடியிருப்பில் வாடகைக்கு இருந்து, பள்ளிக்கூடம் பெருக்கிப் பிழைத்து, அண்டை வீடுகளுக்குக் கைகொடுப்பார்கள். தன்னைச் சொல்லிக்கொள்ளாதிருப்பதே தாழ்மை என்று நினைத்தாள். பங்குச் சாமியாரை ஃபெர்னான் படிக்கட்டிலேயே விரட்டியதைப் பார்த்த பிறகு, சொல்லப் பயமாகவும் ஆகிவிட்டது.

அவளோடு தங்கியிருந்த சபைச் சகோதரி பெர்த் பிப்ரவரியில் இறந்துபோனார். இருவரும் மாறி மாறிச் சொல்லிவந்த திருப்பாடல்களில் பெர்த்தின் வரிகளையும் இப்போது ஒதீலே சொன்னாள்.

சபையில் யாரும் தனியாக வாழக் கூடாது. சனிக்கிழமைக்குள் மடத்துக்குத் திரும்பும்படி தலைமைச் சகோதரியின் கடிதம் வந்திருந்தது. அடியில் ஒரு குறிப்பு: அங்கே ஒருவராவது நீ வேண்டுமென்று எனக்கு எழுதினால், துணைக்கு ஒருத்தியை அனுப்புகிறேன். நீயாகக் கேட்டு வாங்கக் கூடாது.

நேற்று நான்கு வீடுகளில் விடைபெற்றாள். எல்லோரும் கன்னத்தில் முத்தமிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"சனிக்கிழமையிலேருந்து நான் வரமாட்டேன், ஐயா."

"ஏன்?"

"மாத்திட்டாங்க."

"எவன் அவன், மாத்துறவன்?" ஃபெர்னான் காலை வெடுக்கென்று இழுத்தார். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கல. அடுத்து வர்றவ என் கால உருளைக்கிழங்கு மாதிரி சீவிருவா."

அவள் சிரித்தாள். காலைத் திரும்ப மடியில் வைத்து, புதுக் கட்டின் நுனியைச் செருகினாள்.

அவர் மேசை இழுப்பறையைத் துழாவி, கோடு போட்ட தாளையும் பேனாவையும் எடுத்தார். கண்ணாடியை மாட்டினார்.

"முதலாளிங்களுக்கே எழுதி நடுங்க வச்சவன் நான். நீதான் வேணும்னு எழுதறேன், எப்படி மாத்துறான்னு பாக்கலாம்." பேனா தாளின் தலைப்பில் நின்றது. "சொல்லும்மா, உன்ன இங்க அனுப்பிச்ச ஆபீசர் பேரு என்ன?"