ஒரு எட்டு பார்த்துவிட்டு

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க” என்று முதலாளி சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உடம்புக்கு முடியாதவரை நலம் விசாரித்துவிட்டு வருவது ஒன்று. முடியவில்லை என்பதே நிஜமா என்று மோப்பம் பிடித்துவிட்டு வருவது இன்னொன்று. இதில் எது என்று சலவைக்கூடத்து மேனேஜருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டிய ஆளுக்குப் பட்டப்பெயர் நெட்டை. ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதரை இடுப்புக்குக் கீழே நிற்கும் மேஜை முன்னால் வருஷக்கணக்கில் குனிய வைத்தால் முதுகு என்னதான் செய்யும்? ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. மேஜையைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லி அவர் கேட்டபோதெல்லாம் “பாக்கலாம், பாக்கலாம்” என்று தட்டிக் கழித்ததும் இதே மேனேஜர்தான்.

நெட்டை படுத்து மாதங்கள் ஆகிவிட்டன. முதுகுவலியில் கட்டும் இல்லை, ரத்தமும் இல்லை. அதனால் யாருக்கும் நம்பிக்கையும் இல்லை. நிஜமாகவே முடியாதவர் என்றால் தேறி வரும்வரை இடத்தை விட்டுவைக்கலாம், நடிக்கிறார் என்றால் கணக்கை முடித்துவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். இது நெட்டைக்குத் தெரியாது.

மேனேஜர் வெறுங்கையோடு போகவில்லை. இருப்பதிலேயே மலிவான ஆப்பிளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினார். மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. எதிரே தேய்த்த சட்டை, வாரிய தலையுடன் நெட்டையே நின்றார்.

வேண்டாம் என்றாலும் கேட்காமல் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். தான் உட்காரவில்லை. வலியெல்லாம் ஓடிப்போய்விட்டது, சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று சிரித்தார். மனைவி அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம் என்று மேனேஜர் முடிவு கட்டினார்.

மாடிப்படி வரை கூடவே வந்த நெட்டை குரலைத் தாழ்த்தினார். “என் எடத்துல வேற யாரையும் போட்டுடாதீங்க சார். இதோ வந்துடுவேன்.”

மேனேஜர் கீழே இறங்கியதும் முதலாளிக்குப் போன் போட்டார். “நல்லா நடமாடுறாரு சார். சேரெல்லாம் தூக்குறாரு.”

“நெனச்சேன். கணக்க முடிச்சுடுங்க.”

வண்டியில் சாவி போடும்போதுதான் ஹெல்மெட்டை மேலேயே விட்டுவிட்டது நினைவு வந்தது. முனகிக்கொண்டே மறுபடி ஏறினார். கதவு ஒருக்களித்திருந்தது.

நெட்டை தரையில் முட்டி போட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. அவரைப் பாயில் சாய்க்க மனைவி படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். “படுத்துக்கிட்டே பேசியிருந்தா என்ன? உங்களப் பாக்கத்தானே வந்தாரு?” என்றாள் அழுகையோடு.

“கெடக்குறதப் பாத்தா, இவன் இனி தேறமாட்டான்னு வேற ஆள போட்டுடுவாங்கடி.”

வாசலில் நிழலாடியதும் இருவரும் திரும்பினார்கள். அந்த நிலையிலும் நெட்டை சிரிக்கப் பார்த்தார். “காலு லேசா வழுக்கிடுச்சு சார். வேற ஒண்ணும் இல்ல.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்து வந்து தந்தாள். “இத்தன நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்களாவது வந்து பாத்தீங்களே சார்.”

மேனேஜருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். மறுபடி முதலாளிக்குப் போன் போட்டு, நெட்டைக்கு நிஜமாகவே முடியவில்லை, தான் சொன்னது தப்பு என்று தடுமாறினார்.

“அப்ப மொதல்ல என்னத்தய்யா பாத்தே?” என்றார் முதலாளி. ‘வாங்க போங்க’ போய்விட்டிருந்தது. “நடந்தானா, நடக்கலையா? அத மட்டும் சொல்லு.”

நெட்டை எதற்காக நடந்தார் என்று சொல்ல வேண்டும். மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி தன்மேல்தான் வரும் என்று மேனேஜருக்குத் தெரியும்.

“நடந்தாரு சார்” என்றார்.